பேசினால் அட்டை

வாலிநோக்கம், 14 ஜூன் 1965

இன்றும் மதார் நோட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறந்தான். காலையில் பள்ளிவாசலில் அரபி ஓதப் போகிற பையன். அவனுக்கு அதுதான் முதல் பக்கம். கடற்கரைப் பிள்ளைகளுக்கு ஒரு தமிழ், உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களின் உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறொரு தமிழ். போதாததற்கு ரங்கூனிலிருந்து வந்த ராக்கு. அப்பா கூத்தையா உப்பளத்தில் கூலி. அம்மா பர்மாக்காரி, அங்கேயே தங்கிவிட்டாள். பிள்ளைக்குப் பர்மா பேச்சுதான் வருகிறது, தமிழ் அரைகுறை. இத்தனை பேருக்கும் நான் இங்கிலீஷ் சொல்லித்தர வேண்டும். நல்ல கூத்து!

கமுதியை விட்டு வந்து ஒரு வருஷம். பள்ளிக்கூடம் விட்டால் வாயைத் திறக்க வேலையில்லை.

22 ஜூன்

ஹெட்மாஸ்டர் அப்துல் குத்தூஸ் கூப்பிட்டார். "ஆகஸ்டுல இன்ஸ்பெக்டர் வாராரு. இங்கிலீஷ் பீரியட்ல இங்கிலீஷ் மட்டுந்தேன் கேக்கணும், ஆமா." என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சரி என்றேன்.

5 ஜூலை

ஒரு யோசனை. கயிறு கட்டிய அட்டை. வகுப்பில் இங்கிலீஷ் தவிர வேறு எது பேசினாலும் கழுத்தில் விழும். வேறு யாராவது அப்படிப் பேசும்போது அட்டைக்காரர் பிடித்தால், பேசியவருக்கு மாட்டிவிடலாம். பீரியட் முடியும்போது வைத்திருப்பவர் வகுப்பைக் கூட்ட வேண்டும். மறுநாளும் அவரிடமிருந்தே ஆரம்பம். பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

9 ஜூலை

ராக்கு ஏதோ பர்மாவில் சொன்னாள். "இது இங்கிலீஷ் இல்ல சார்!" என்று மாட்டிவிட்டார்கள். அவள் கூட்டினாள்.

16 ஜூலை

இன்றும் ராக்குதான். வாரம் பூராவும் அவளே.

20 ஜூலை

பொறுமை போய்ச் சத்தம் போட்டேன். "மத்தவங்க எல்லாம் கைமாத்துனாங்கள்ல? ஒனக்கு மட்டும் என்ன கேடு?" மதார்தான் எழுந்தான். "அது எப்பிடி சார் மாத்தும்? அதுகிட்ட யாருமே பேச மாட்டாகளே."

அட, இது எனக்குத் தோணாமப் போச்சே! பக்கத்தில் ஒருத்தர் பேசினால்தானே பிடிக்க முடியும்? என் கழுத்தில் மாட்டினாலும் இதே கதிதான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னோடு பேசியது கடைக்காரர் சதக் மட்டும். "தீப்பெட்டி வேணுமா?" அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் வந்து போகட்டும். அட்டையை எடுத்துவிடலாம்.

12 ஆகஸ்ட்

வந்தார். பிள்ளைகள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுக் கப்சிப். "வெரி குட் டிசிப்ளின்" என்றார். வேலை உறுதி என்கிறார் ஹெட்மாஸ்டர். சந்தோஷத்தைச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?

அட்டையைக் கிழித்துப் போட்டேன். ராக்கு நாலு நாளாக வரவில்லை.

19 ஆகஸ்ட்

கூத்தையாவைத் தேடிப் போனேன். "தமிழு, இங்கிலீஷு, எதுலயாச்சும் நாலு வார்த்தை பேசட்டும்னுதேன் சார் பள்ளிக்கொடத்துக்கு விட்டேன். வாயத் தொறந்தா அட்டைய மாட்டிருவாகன்னு வீட்லயும் பேசாமத் திரிஞ்சா. அதேன், அளத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்." திரும்ப அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். பார்ப்போம் என்றார்.

என்ன காரியம் செஞ்சு வச்சிருக்கேன் நான்?

5 செப்டம்பர்

இன்னும் வரவில்லை. நானே உப்பளத்துக்குப் போனேன். பெண்கள் உப்புக் கூடையோடு வரப்பில் வந்துகொண்டிருந்தார்கள்.

"போங்க மதினி, ஒங்க கூடைய விட ஏங் கூடதேன் கனம்!"

கூடவே கூடை சுமந்து வந்த இருளம்மாளும் மற்றவர்களும் கொல்லென்று சிரித்தார்கள். யார் இந்த வாயாடி என்று பார்த்தேன். ராக்கு. அந்த அரைகுறைத் தமிழா இது? குரல் எனக்கு அடையாளமே தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் பேசமாட்டாளா என்று ஆசையாக இருந்தது.

கிட்டே போனேன். "நல்லாருக்கியாம்மா? அட்டையெல்லாம் இப்ப இல்ல. வா, பள்ளிக்கொடத்துக்கு."

சிரிப்பு நின்றது. கூடையை இறக்கி வைத்து, கையைக் கட்டிக்கொண்டாள்.

"எஸ், சார்."

நான் நகரும்வரை கட்டிய கையைப் பிரிக்கவில்லை. நான் ரோட்டுக்கு ஏறிய பிறகுதான் அவர்கள் பேச்சுச் சத்தம் மறுபடி கேட்டது.