வாசலில் கழற்றிய பூட்ஸ்

மார்ச் 3, தள நேரம் 09:10

எழுதுவது எஸ்தர் பூங்கோதை, நிலவுத் தளம் நான்கின் ஒரே பிசியோதெரபிஸ்ட். இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் முதலில் மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிகிச்சை அறையில் கால் நாற்றம் குடலைப் புரட்டுகிறது. காற்று வடிகட்டியை மாற்றித் தாருங்கள் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

இன்று தொடங்கும் வேலை: சமநிலைத் தேர்வின் தமிழ் வடிவத்தைச் சரிபார்ப்பது. பாறை துளைக்கும் எந்திரத்தின் அதிர்வில் நரம்பு கெட்டவர்களுக்கான தேர்வு. எழ வேண்டும், திரும்ப வேண்டும், ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். மொத்தம் அறுபது மதிப்பெண். மூலம் வடக்குத் தளத்தில் வேறு மொழியில் உருவானது, தமிழாக்கியது நான். நானும் 'அளவி' என்ற இயந்திரமும் தனித்தனியே மதிப்பெண் போடுவோம். இரண்டும் ஒத்துப்போனால் தமிழ் வடிவம் செல்லும்.

மார்ச் 5, 16:40

ஒத்துப்போகிறது, அச்சு அசலாக. லிங்கத்துரை அண்ணாச்சிக்கு நானும் 31, அளவியும் 31. திசையன்விளைக்காரர், நல்ல மனுஷர். பாதம் இரண்டும் மரத்துவிட்டன. பூமிக்குப் போய் உடனே சிகிச்சை எடுத்தால் கால் தப்பும்.

தலைமையகம்: "அருமை. கையெழுத்திட்டு அனுப்பவும்."

அனுப்பினேன். பெருமையாகக்கூட இருந்தது.

மார்ச் 9, 11:05

தலைமையகம்: "கப்பலில் பூமி திரும்ப இனி நாற்பது மதிப்பெண் கட்டாயம். தமிழ்ப் பணியாளர்களுக்கு உங்கள் வடிவமே அளவுகோல். வாழ்த்துகள்."

என் நோயாளிகளில் ஒருவரும் நாற்பதைத் தொடவில்லை. நோய் இருக்கிறது, அதனால் வைத்தியத்துக்குப் போகக்கூடாதாம். எந்தப் புண்ணியவான் மூளையில் உதித்தது இது? த்தூ!

ஆனால் ஒன்று உறுத்துகிறது. துளை வேலையை விட்டுச் சமையலுக்கு வந்த ரெஜினால்டுக்குக் கால் சுண்டுவிரல் மட்டும்தான் மரத்திருக்கிறது. அவனுக்குமா 37?

மார்ச் 9, 15:30

வடக்குத் தளத்தின் தேர்வுப் படங்களைப் போட்டுப் பார்த்தேன். அங்கே அத்தனை பேரும் பூட்ஸோடு நிற்கிறார்கள். காந்த அடி வைத்த பூட்ஸ், தரையோடு இழுத்துப் பிடிக்கும். நிலவில் உடம்பு பஞ்சு மாதிரி. வெறுங்காலோடு நின்றால் நல்ல காலே வழுக்கும்.

என் அறைக்குள் ஒருவரும் பூட்ஸோடு வந்ததில்லை. வாசலிலேயே கழற்றிக் குவித்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நுழைகிறேன். அதனால்தான் கண்ணில் படவே இல்லை.

அண்ணாச்சியிடம் கேட்டேன். அளவியின் ஒலிப்பதிவில் அவர் பதில்: "ஆஸ்பத்திரிக்குள்ள பூட்ஸோட வாரதுக்கு எப்படிம்மா மனசு வரும்? நீங்க கும்பிடுற படம் வேற மாட்டிருக்கு."

மார்ச் 10, 10:20

பூட்ஸோடு மறுபடி நிற்கவைத்தேன். அண்ணாச்சிக்கு 46! மனுஷர் அழுதுவிட்டார். "ஊருக்குப் போயி முதல்ல பனங்கிழங்கு அவிச்சுத் திங்கணும் டாக்டரம்மா" என்றார். எல்லாவற்றையும் தலைமையகத்துக்கு அனுப்பினேன்.

மார்ச் 10, 17:00

தலைமையகம்: "சரிபார்ப்பு முடிந்துவிட்டது. தரவு பூட்டப்பட்டது. பூட்ஸ் அணியச் சொல்லும் வரி உங்கள் தமிழில் இல்லை."

மூலத்திலும் இல்லையே! அங்கே எவனும் கழற்றமாட்டான், அதனால் எழுதவில்லை. இதுகூடப் புரியாதா? புரியும். நடிக்கிறார்கள். ஆள் ஏற்றாமல் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

மார்ச் 12, 09:45

நானே வெறுங்காலோடு ஏறி நின்றேன். எனக்கு ஒரு நோயும் கிடையாது. அளவி போட்டது 36. படத்தோடு அனுப்பி, "இப்போதாவது புரிகிறதா?" என்று கேட்டேன்.

மார்ச் 12, 14:10

தலைமையகம்: "புரிகிறது. உங்கள் மதிப்பெண்ணும் பதிவாகிவிட்டது. கப்பலில் உங்கள் இருக்கை ரத்து செய்யப்படுகிறது. நலம் பெற வாழ்த்துகள்."

சிரிப்புதான் வந்தது.

ஏப்ரல் 2, 13:00

கப்பல் போய்விட்டது. எங்கள் இருக்கைகளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் தாது மூட்டைகளை அடுக்கினார்கள். மூட்டைக்குச் சமநிலைத் தேர்வு கிடையாதே. கதவு மூடும்வரை ரெஜினால்டு கெட்ட வார்த்தையில் திட்டினான். நான் தடுக்கவில்லை, இரண்டு வார்த்தை எடுத்துக் கொடுத்தேன்.

மே 20, 10:15

அண்ணாச்சியின் கால்கள் அசைவற்றுப் போய்விட்டன. இன்று இருவர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அறை வாசலில் நிறுத்தச் சொன்னார். "பூட்ஸைக் கழட்டிவிடுங்கடே" என்றார்.

கழற்றினார்கள். எனக்கு அந்த அறையில் நிற்க முடியவில்லை.

மே 21, 08:30

தலைமையகம்: "தளம் ஐந்துக்கு நூறு தமிழ்ப் பணியாளர்கள் வந்திறங்கியுள்ளனர். உங்கள் தேர்வு இன்று முதல் அங்கும் நடைமுறைக்கு வருகிறது. உங்கள் பணி நிறைவுற்றதால் ஒன்பது மணிக்குத் தகவல் இணைப்பு துண்டிக்கப்படும்."

மே 21, 08:57

தளம் ஐந்துக்கு நான்கு முறை அனுப்பிவிட்டேன். நான்கும் திரும்பி வந்துவிட்டன. இப்போது இந்தக் குறிப்பை எல்லா அலைவரிசையிலும் விடுகிறேன். யார் காதிலாவது விழட்டும்.

தளம் ஐந்தில் இருக்கும் நம் ஆட்களே, மரியாதை, மண்ணாங்கட்டி எல்லாம் இருக்கட்டும். அவர்கள் அறைக்குள் கூப்பிட்டு நிற்கச் சொல்வார்கள். வாசலில் பூட்ஸைக் கழற்றா