கையில் தட்டிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்

நேற்றுக் காலை சூளை பிரித்தார்கள். பொம்மைகளை எடுத்து அடுக்கிக்கொண்டே வந்தபோது கடைசித் தட்டில் கனமான ஒரு மண் வில்லை கிடந்தது. திருப்பிப் பார்த்தேன். உன் கை. ஐந்து விரல்களும் பதிந்திருந்தன. கட்டைவிரலுக்குக் கீழே அச்சு உடைந்து கிழித்த தழும்பும் தெரிந்தது. சுட்ட மண்ணின் வாடை இன்னும் போகவில்லை. இதை யார் சூளைக்குள் வைத்தது என்று கேட்டேன். எல்லாரும், "நான் வைக்கலையே" என்றார்கள்.

டீக்கடை டிவியில் கால்பந்து உலகக் கோப்பை ஓடிய வருஷம்தானே இங்கே ஆட்டம் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பொம்மை காய வைக்கும் கொட்டகையின் நடுவில் இடம் காலியாக இருக்கும். பையன்கள் ஆடினார்கள். நீ சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு கொலுசுக் காலோடு நடுவில் போய் நின்றாய்.

"பொட்டப்புள்ளைக்கு இங்க என்ன வேல?" என்றான் ராஜா.

"ஒன்ன மாதிரி செவுத்துக்கு பாஸ் குடுக்காம, ஆளுக்குக் குடுக்கற வேல" என்றாய். அவன் பக்கத்து ஆட்களே சிரித்துவிட்டார்கள்.

அதன் பிறகுதான் விதிகள் வந்தன. நான் எட்டாவதோடு நின்றவள். ஆனாலும், "ஒன் எழுத்துதான் முத்து மாதிரி இருக்குது, எழுது புள்ள" என்று தூரிகையை என் கையில் திணித்தாய். நீ சொல்லச் சொல்ல நான் சுவரில் எழுதினேன். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், அதில் இரண்டு பேராவது பெண்கள். பந்து முழங்காலுக்கு மேலே எழும்பக்கூடாது. சுவரில் பட்டுத் திரும்பினால் ஆட்டம் தொடரும். சுடாத பச்சைப் பொம்மையை உடைத்தவர் அன்று முழுக்க வெளியே. ஒரு பெண்ணின் கால் பட்ட பிறகு பையன் அடிக்கும் கோல்தான் செல்லும். கடைசியாக, வெளியே போகிறவர் கையில் தட்டாமல் யாரும் உள்ளே வரக்கூடாது.

எழுதியது நான். ஆடியதே இல்லை. கண் வைக்காத பொம்மைகள் நாலு பக்கமும் தட்டுகளில் வரிசையாக நிற்கும். அவற்றோடு நானும் நிற்பேன். "அதுங்களுக்காவது கண்ணு இல்ல, ஒனக்கு என்னடி?" என்பாய்.

உன் கடைசி ஞாயிறு அது என்று யாருக்குத் தெரியும்? பாதி ஆட்டத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே வந்தாய். உன் கண் வெள்ளை மஞ்சளாக இருந்தது. வெயில் என்று நினைத்தேன். என் முன்னால் கையை நீட்டி, "என்னால முடியல. நீ போ" என்றாய். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

நீ கோபப்படவில்லை. ஓரத்தில் கிடந்த ஈர மண் வில்லையில் கையை அழுத்தினாய். "இதுல வச்சிட்டுப் போறேன். எப்ப தோணுதோ அப்ப தட்டிக்க. வரேன்" என்று கிளம்பினாய். காமாலை முற்றிவிட்டது என்று புதன்கிழமை சொன்னார்கள். அடுத்த ஞாயிற்றுக்கு நீ இல்லை.

நம் பக்கம் நாலு பேராக ஆடியது. பெண் என்று செல்வி ஒருத்திதான். உனக்காக என்று ராஜாவும் விதியைக் காட்டி நிறுத்தவில்லை. ஆனால் நீ நிற்கும் இடது மூலைக்குப் போன பந்து, சுவரில் பட்ட சத்தமே இல்லாமல் திரும்பி வந்தது. முதலில் நான் மட்டும்தான் கவனித்தேன் என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் நம் பக்கத்துப் பையன் ஒரு கோல் அடித்தான். பொண்ணு கால் படவில்லை, செல்லாது என்று ராஜா கத்தினான். விசில் வைத்திருந்த சேவியர் அண்ணன், "பட்டுச்சுடா, நான் பாத்தேன்" என்றார்.

"நான் தொடலண்ணே" என்றாள் செல்வி. அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

"இல்ல... கொலுசு போட்ட காலு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். செல்வி கொலுசு போடுவதில்லை. கொட்டகையில் காற்றே இல்லை. ஆனால் இடது மூலைத் தட்டில் ஒரு பச்சைப் பொம்மை மெதுவாக ஆடி நின்றது.

போன வாரம் ராஜா சொல்லிவிட்டான்: "ரெண்டு பொண்ணுன்னு செவுத்துலயே இருக்குது. அடுத்த ஞாயித்துக்கெழம ஆளு வரலன்னா நாங்க பையங்களே ஆடிக்கறோம். செவுத்தையும் வெள்ளையடிச்சிரலாம்." கோபமாகச் சொல்லவில்லை. மூலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பயந்துவிட்டான்.

நான் வராவிட்டால் நீ பிடித்துக்கொடுத்த இடம் செல்விக்கும் இல்லை. வரலாம் என்றால் தட்டக் கை இல்லை. வாரம் முழுக்க அந்த வில்லையைத் தேடினேன். காய்ந்த மண் குவியலில்கூடத் துழாவினேன். கிடைக்கவில்லை. நேற்றுதான் அது சூளையிலிருந்து வந்தது.

இன்று அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போனேன். எல்லாரும் பார்க்க ஓரத்தில் வைத்து என் கையை அதில் பதித்தேன். உன் கை என் கையைவிட ஒரு நகக்கண் பெரியது. அளந்து பார்த்துச் சிரித்திருக்கிறோமே. "சூளைக்குப் போறது எதுவும் போன அளவுல திரும்பாதுடி, சுருங்கித்தான் வரும்" என்று நீதான் சொல்வாய். சரியாகப் பொருந்தியது. தழும்பு என் தோலில் உரசியது. உள்ளே போனேன்.

எப்படி ஆடினேன் என்று கேட்காதே. இடது மூலையில் நின்றேன். பந்து வந்தபோதெல்லாம் காலை நீட்டினேன். ஒருமுறை நீட்டுவதற்கு முன்பே பந்து செல்வியிடம் போய்விட்டது. சேவியர் அண்ணன் விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை. இரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். ராஜா சுவரைக் காட்டி, "இருக்கட்டும்" என்றான்.

கடைசியில் மூச்சு வாங்கி வெளியே வந்தேன். வர்ணம் பூசப் புதிதாக வந்திருக்கும் பெண் தட்டுகளோடு ஒட்டி நின்றாள். கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன. "வா புள்ள" என்று நீட்டினேன். ரொம்ப நேரம் கழித்துத் தட்டினாள். தட்டியவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, ஒங்க கை ஏங்க்கா இப்படிச் சுடுது?"

வில்லை இப்போது என் மடியில் இருக்கிறது. அது நேற்றே ஆறிவிட்டது.