தலைமடைக்குக் கொடுத்த பெண்

என் உயிரான கோமு அக்காவுக்கு,

ஆனி பிறந்ததும் மலைக்கு அந்தப் பக்கம், மலையாள நாட்டில், மழை கொட்டத் தொடங்கிவிட்டது. கடலிலிருந்து வரும் மேகமெல்லாம் அங்கேயே பெய்து தீர்த்துவிட்டு, மிச்சம் மலையைத் தாண்டி வருவதுதானே நம் சிற்றாறு? குற்றாலத்தில் பாறையில் விழுந்து, தென்காசி வரை இரு கரையையும் முட்டிக்கொண்டு ஓடி, நம் ஊருக்கு வருவதற்குள் பாதி மணலாகிவிடுகிறது. சீசனுக்கு மோட்டாரில் வரும் சீமான்களுக்கு அருவி தெரியும். அது எங்கே போய் வற்றினால் அவர்களுக்கென்ன?

அப்பாவுக்கு அந்தக் கவலை இருந்தது. நம் வயல் கடைமடை. அணைக்கட்டுப் பக்கம் தலைமடை முழுவதும் உன் மாமனார் கைக்குள். அவர் மனம் வைத்து வாய்க்காலில் விட்டால்தான் நமக்குத் தண்ணீர். அதனால்தான் உன்னை அங்கே கொடுத்தார்கள். ஜாதகம் பொருந்தியது என்று ஊருக்குச் சொன்னார்கள். பொருந்தியது மடை.

முதுகெல்லாம் அடிபட்ட தடிப்போடு நீ வந்து நின்றாயே, நினைவிருக்கிறதா? "ஏட்டி, கதிர் பால் பிடிக்க நேரம். இப்பம் நீ இங்கன இருந்தா அவுக மடைய அடைச்சிருவாவ. அறுப்பு முடியட்டும், பேசிக்கிடுவோம்" என்றார் அப்பா. அறுப்பு முடிந்தது. யார் போய்ப் பேசினார்கள்? அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்து உன்னை வண்டியேற்றினாள், அவ்வளவுதான்.

போன வருஷம் நீ காய்ச்சலில் கிடந்தபோது, "ஆறு பெரண்டு போவுது, ஆஸ்பத்திரிக்கு வண்டி எறங்காது" என்று உன் மாமியார் வீட்டில் உன்னை அப்படியே போட்டுவிட்டார்கள். அதே நாள் அதே ஆற்றுத்துறையைக் கடந்து வந்த அவர்கள் வீட்டுப் பலாப்பழ வண்டியைத் தென்காசிச் சந்தையில் அப்பா கண்ணால் பார்த்திருக்கிறார். நீ படுத்திருப்பது அப்போது அவருக்குத் தெரியாது. உன்னை எரித்துவிட்டு வந்த பிறகு அம்மாவிடம் சொன்னார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் கேட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை. நாற்று நட்டிருந்தது.

இப்போது அத்தானுக்கு இரண்டாம் தாரமாக என்னைக் கேட்டு வந்தார்கள். "பிள்ளைக்கும் ஒரு தாயாச்சி" என்றாள் உன் மாமியார், உன் மகள் உலகுவை மடியில் வைத்துக்கொண்டே. குழந்தைக்கு உன் மூக்கு, அக்கா. அதைப் பார்த்து நான் தடுமாறித்தான் போனேன். அதற்குள் அப்பா, சம்மதம் சொல்லத் தாம்பூலத் தட்டை எடுக்க எழுந்துவிட்டார்.

"நானும் செத்தா அடுத்து யாரக் குடுப்பிய? இந்த வீட்ல மூணாவது பொண்ணு கெடையாது" என்றேன். பலாப்பழ வண்டியையும் எல்லார் முன்னும் சொன்னேன். உன் மாமியார் விருட்டென்று எழுந்து நடந்தாள். உலகு அழுதுகொண்டே போனாள்.

மறுநாளே மடை அடைபட்டது. மேலே ஆறு புரண்டு ஓடுகிறது. நம் வயலில் நாற்று மஞ்சளித்துக் கிடக்கிறது. அம்மா என் முகத்தைப் பார்ப்பதில்லை. "கோமு இருந்த வரைக்கும் தண்ணி வந்துச்சி" என்று அப்பா தெருவில் நின்று சொல்கிறார். உன்னைப் பற்றி அவர் சொல்வது அது ஒன்றுதான்.

உலகுவை அந்த வீட்டிலிருந்து கொண்டுவர என்னால் முடியாது. பொய்யாக ஆறுதல் சொல்லமாட்டேன். ஆனால் அவள் வளர்ந்து, எந்த வீட்டிலிருந்தாவது அழுதுகொண்டு என்னிடம் ஓடிவந்தால், இருக்கிற வயலெல்லாம் கருகினாலும் சரி, அவளைத் திருப்பி அனுப்பமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப்பிறந்த தங்கை,
வடிவு