வெளிச்சத்தை வெளிச்சத்தால் அணைத்த மாலை

உனக்கு எழுதும்போதும் வகுப்பறைப் பழக்கம் விடவில்லை. முதலில் சுருக்கம்:

1. இன்று காலை நம் வாசலில் கண்ட நிறங்கள்.
2. முதலமடை வாயனசாலையில் அன்று நடந்தது.
3. அந்த வெற்றி முழுவதும் உன்னுடையது. அதில் என் பங்கு ஒன்றுமில்லை.

இரவு மழை. மாங்காய் லாரி ஒன்று நின்றுவிட்டுப் போன இடத்தில் நீர் தேங்கி, டீசல் வாடை அடித்தது. நீர்மேல் பரவிய படலத்தில் ஊதாவும் பச்சையும் பொன்னும் நெளிந்தன. படலத்தின் மேற்புறத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்புறத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் சேரும்போது சில நிறங்கள் கூடுகின்றன, சில அழிகின்றன. குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன். நீ இருந்திருந்தால், "சேத்துக்குள்ள என்னங்க தேடறீங்க, மோதரமா?" என்று கேட்டிருப்பாய்.

நான் ஓய்வு பெற்று, உன் ஊரான முதலமடைக்கு நாம் குடிவந்த புதிது. பாலக்காட்டுக் கல்லூரியில் அத்தனை வருடம் இயற்பியல் நடத்தியும் குறிப்புத் தாளை விட்டுக் கண்ணை எடுத்து நான் பேசியதில்லை. பிள்ளைகளுக்கு என் முகத்தைவிட வழுக்கைதான் பழக்கம் என்பாய். ஊர் நூலகமான வாயனசாலையில் ஒளியைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டது உன் பிடிவாதத்தால். சரிவராவிட்டால் இனி யார் முன்னும் வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அது உனக்கு மட்டும் தெரியும்.

சோதனைக் கண்ணாடிகளின் கோணமெல்லாம் கணக்கிட்ட நான் காலத்தைக் கணக்கிடவில்லை. மாங்காய்ப் பருவத்தில் இந்த ஊரில் யாரும் கூட்டம் வைக்கமாட்டார்கள். பக்கத்து மண்டியில் லாரிகள் எஞ்சினை அணைக்காமல் உறுமிக்கொண்டு நின்றன.

லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து, இரு கண்ணாடிகளில் திருப்பி, மறுபடி ஒன்றுசேர்த்தால் சுவரில் சிவப்புக் கோடுகளும் இடையிடையே இருட்டுக் கோடுகளும் விழவேண்டும். தலைமுடியின் பருமனில் சிறு பங்கு கண்ணாடி நடுங்கினாலும் போதும், எல்லாம் கலைந்துவிடும். லாரிகளின் அதிர்வில் சுவரில் வெறும் சிவப்பு மங்கல்தான் இருந்தது.

முன்வரிசையில் உன் அண்ணன். "ஏனுங்க மாப்ள, எங்க ஊட்டுல ரெண்டு பல்பு போட்டா கரண்டு பில்லுதானுங்க ஏறுது. இருட்டு வந்ததே இல்லீங்களே?"

சபை சிரித்தது. நான் தாள்களைச் சுருட்டத் தொடங்கினேன். நீ எழுந்து வெளியே போனாய். ஒரு லாரிக்காரரிடம் நீ பேசுவது சன்னல் வழியே கேட்டது.

"அண்ணா, சித்த எஞ்சினை நிறுத்துங்க. எங்க ஊட்டுக்காரரு உள்ள வெளிச்சத்தை வெச்சே வெளிச்சத்தை அணைக்கறாருங்க."

"அதுக்கு நான் ஏனுங்க அம்மிணி எஞ்சினை அணைக்கோணும்?"

"வந்து பாருங்க. இல்லாட்டி ஊருக்கெல்லாம் தெரிஞ்சது உங்களுக்கு மட்டும் தெரியாமப் போயிரும்."

ஒவ்வொரு எஞ்சினாக அடங்கியது. ஓட்டுநர்களும் சுமைக்காரர்களும் தலைத்துண்டை அவிழ்த்தபடி உள்ளே வந்தார்கள். சுவரில் கோடுகள் வந்து நின்றன.

ஒரு கதிரைக் கையால் மறைத்தேன். இருட்டுக் கோட்டின் இடத்தில் சிவப்பு பரவியது. கையை எடுத்தேன், கூடுதல் ஒளி சேர்ந்ததும் அங்கே மறுபடி இருட்டு. உன் அண்ணன் சுவரருகே வந்து அந்த இருட்டில் விரலை வைத்துக்கொண்டு, "இன்னொருக்கா மறைங்க மாப்ள" என்று திரும்பத் திரும்பச் செய்யவைத்தார். "அட, நெசந்தானுங்க!"

அப்போது ஒரு ஓட்டுநர் கேட்டார்: "சார், மலையோரத்துல போன்ல பேசறப்ப ஒரு எடத்துல பேச்சு செத்துப்போகுது, ஒரு எட்டு தள்ளுனா வந்துருது. அதுவும் இந்த இருட்டுத்தானுங்களா?"

என் தாளில் அந்தக் கேள்வி இல்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். ஆமாம் என்றேன். போனின் அலையும் ஒளியும் ஒரே குடும்பம். ஒளியின் அலை முடியின் பருமனைவிடச் சிறியது, போனின் அலை ஏறக்குறைய ஒரு சாண் நீளம். கோபுரத்திலிருந்து நேரே வருவதும் பாறையில் பட்டு வருவதும் எதிரெதிராகச் சேரும் இடத்தில் பேச்சு அணைகிறது. ரேடியோ, அடுப்பின் அனல், வானவில், எக்ஸ்ரே, எல்லாம் அளவு மாறிய அதே அலை. எவ்வளவு நேரம் பேசினேனோ தெரியாது. லாரிகள் கிளம்பவில்லை. கைதட்டியபோதுதான் நிறுத்தினேன்.

வீடு திரும்பும்போது எல்லாம் உன்னால்தான் என்றேன். "நான் லாரியைத்தான் நிறுத்துனேன். பேசுனது ஆருங்க?" என்றாய். தன்னடக்கம் என்று எண்ணி அதை ஒதுக்கிவிட்டேன். அதன்பின் எத்தனையோ சபைகளில் தாளில்லாமல் பேசிவிட்டேன். நீ கண்மூடியபிறகும் பேசுகிறேன். நாளை ஏலப்பாறையில் பேசவேண்டும், நடுக்கமில்லை.

ஆகவே, சுருக்கத்தில் மூன்றாவதாக நான் எழுதியது தவறு.