கடலுக்குள் அணிநடை

நாரந்தனை
05.06.2024

அன்பின் மேர்வினுக்கு,

நான் நலம். நீயும் கிறேசம்மாவும் மகள் துசாராவும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பத்துத் தரம் அழைத்துவிட்டேன், நீ எடுக்கவில்லை. நெடுந்தீவில் சிக்னல் இல்லை என்று சாட்டுச் சொல்லாதே.

அன்று ஊர்காவற்றுறையில் எங்கள் படம் முடிந்து விளக்குப் போட்டதும் மேடையில் நின்று உன்னைத்தான் தேடினேன். உன் கதிரை வெறுமையாகக் கிடந்தது. படகைப் பிடிக்க ஓடியிருப்பாய் என்று மனதைத் தேற்றப் பார்த்தேன். ஆனால் கிறேசம்மாவும் துசாராவும் பக்கத்துக் கதிரைகளில் இருந்தார்களே.

உதவாக்கரைப் பள்ளிக்கூடக் கடேற் படைப் பிள்ளைகளைப் பழக்கி எடுக்கும் முரட்டுச் சார்ஜன்டாக நான் நடித்ததற்குச் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எந்த இடத்தில் கூடுதலாகச் சிரித்தது என்று உனக்குத் தெரியும். பனைமட்டையைத் துவக்காகத் தோளில் வைத்த பொடியன், 'நில்' என்று கட்டளை வராததால் நடந்து நடந்து கழுத்தளவு கடலுக்குள் போகிறானே, அந்த இடம்.

அது உன்னுடையது. 1998இல் நாங்கள் உயர்தரம் படித்தபோது, இறங்குதுறைச் சோதனையில் ஒரு சிப்பாய் உன் தோளில் மட்டையை வைத்து நடக்கவிட்டான். அவன் சிங்களத்தில் சொன்னது விளங்காமல் நீ நேரே கடலில் இறங்கினாய். இயக்குநர் பிரதாபன், "அண்ணை, நல்ல பகிடி ஒண்டு வேணும், யோசிச்சுச் சொல்லுங்கோ" என்று கேட்டபோது என் வாய் சும்மா கிடக்கவில்லை. உன் பெயரைச் சொல்லவில்லைத்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். இப்போது வெட்கமாக இருக்கிறது, மச்சான்.

22ஆம் திகதி சனிக்கிழமை துசாராவின் பாடசாலையில் படம் காட்ட ஒழுங்கு செய்தவனே நீதான். ஒரு சொல் எழுது, அந்தக் காட்சியை வெட்டச் சொல்கிறேன்.

உன் அன்பு நண்பன்,
ஜெகதீஸ்

*

நெடுந்தீவு
10.06.2024

அன்பு மச்சான் ஜெகதீசுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்து இன்னமும் கோழி கிளறினது போலத்தான் இருக்கிறது.

நான் படகுக்காக எழும்பவில்லை. துசாரா சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, என் கையைப் பிடித்து, "அப்பா, அந்த விசரனைப் பாருங்கோ!" என்றாள். நானும் சிரித்தேன். பிறகு இருக்க ஏலாமல் வெளியே வந்துவிட்டேன். அவளுக்குத் தெரியாது. கிறேசம்மாவுக்குக்கூட நான் சொன்னதில்லை. கலியாணம் கட்டிப் பதினெட்டு வருசம், அந்த இறங்குதுறையால் போகும்போதெல்லாம் வேறு கதை கதைத்துச் சமாளித்திருக்கிறேன்.

வெட்டாதே. வெட்டினால் ஏன் என்று கேட்பார்கள்.

உன்மேல் கோபம் இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் பெரிய கோபம் இல்லை. அன்று தண்ணீருக்குள் நின்று திரும்பிப் பார்த்தேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், நீயும்தான். பின்னேரம் பள்ளிக்கூட விடுதியில் என் காற்சட்டையைப் பிழிந்து தந்தபடி நீ சொன்னாய்: "அவன் துவக்கை நீட்டி எல்லாரையும் சிரிக்கச் சொன்னவன், மச்சான்." அந்த ஒரு சொல்லை நம்பித்தான் மறுநாள் பள்ளிக்கூடம் போனேன். இருபத்தாறு வருசம் உன்னோடு பழகியதும் அதனால்தான். துவக்குக்கு முன்னால் நானும் சிரித்திருப்பேன்.

படம் காட்டும் சனிக்கிழமை எங்கள் வீட்டில்தான் நீ தங்க வேண்டும். கிறேசம்மா நண்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள்.

உன் மேர்வின்

*

நாரந்தனை
14.06.2024

அன்பின் மேர்வினுக்கு,

உன் கடிதத்தை என் மனைவி கஜானி வாசித்துவிட்டு, "இவ்வளவு நல்லா எழுதியிருக்கிறார், நீங்கள் ஏன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்கிறியள்?" என்று கேட்டாள். காரணத்தை உனக்குச் சொல்கிறேன்.

அந்தச் சிப்பாய் எங்களைச் சிரிக்கச் சொல்லவில்லை. துவக்கை நீட்டவுமில்லை. நீ கழுத்தளவுக்குப் போனதும் அவனே பயந்து, கையை ஆட்டித் திரும்பி வரச் சொல்லிக் கத்தினான். முதலில் சிரித்தது நான். என் சிரிப்பைக் கேட்டுத்தான் மற்றவர்கள் சிரித்தார்கள். பயத்தில் சிரித்தேன் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். பயமில்லை, மேர்வின். பார்க்கப் பகிடியாக இருந்தது, சிரித்தேன். பின்னேரம் உன் முகத்தைப் பார்க்க ஏலாமல் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

பிரதாபனுக்கு அந்தக் காட்சியை நடித்துக் காட்டியபோதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதை நினைக்கத்தான் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

உன் வீட்டுச் சாப்பாட்டுக்கு எனக்குத் தகுதியில்லை. மன்னிப்புக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

ஜெகதீஸ்

*

நெடுந்தீவு
19.06.2024

ஜெகதீஸ் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. சனிக்கிழமை படம் காட்டலாம். பிள்ளைகள் ஆவலாக இருக்கிறார்கள், எதையும் வெட்ட வேண்டாம். நீங்கள் தங்குவதற்குப் பாடசாலையில் ஓர் அறை கேட்டிருக்கிறேன். சாப்பாடும் அங்கேயே தருவார்கள்.

கடலில் இறங்கிய பொடியன் நான்தான் என்று நேற்றுக் கிறேசம்மாவிடமும் துசாராவிடமும் சொல்லிவிட்டேன். இத்தனை வருசமும் வெட்கப்பட வேண்டியவன் நான் என்றே நினைத்திருந்தேன். துசாரா அழுதாள். பிறகு, "அப்ப உங்கட சிநேகிதர் ஒருத்தரும் அங்க நிக்கேல்லையோ, அப்பா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொன்னேன்.

இப்படிக்கு,
ச. மேர்வின்