உன் வீட்டில் அடிக்காத மணி

இன்று காலை என் வீட்டு டெலிபோனை எக்ஸ்சேஞ்சில் ஒப்படைத்துவிட்டு வந்தேன். மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டுபோன கருவியை மேசைமேல் எடுத்து வைத்தபோது ரிசீவரிலிருந்து திருநீறும் தேங்காயெண்ணெயும் கலந்த வாசனை வந்தது. இத்தனை வருடம் என் காதோடு ஒட்டிக்கிடந்த வாசனை. கவுன்ட்டரில் இருந்த பெண் விண்ணப்பத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தைத் தொட்டுக் காட்டி, “மொபைல் இருக்குதுன்னு போட்டுக்கட்டுங்களா? எல்லாரும் அதத்தானுங்க சொல்றாங்க” என்றாள்.

எனக்கு உடனே சந்தேகம் தட்டியது. எல்லாரும் சொல்கிறார்களா, இல்லை இவர்களே எல்லாருக்கும் எழுதிவிடுகிறார்களா? நாளைக்கு டெல்லியில் யாராவது வீட்டு ஃபோன் ஏன் இப்படிக் குறைந்துவிட்டது என்று கேட்டால், ஜனங்களே வேண்டாமென்று எழுதிக் கொடுத்தார்கள் என்று இந்தக் காகிதக் கட்டைத்தான் காட்டுவார்கள். “அந்தக் கட்டத்தைச் சும்மா விட்டுரும்மா” என்றேன். அதில் எழுத வேண்டிய காரணத்தை உனக்குத்தான் சொல்ல வேண்டும்.

என் புத்தி உனக்குத் தெரிந்ததுதான். “ஏப்பா, கோயல்ல குடுக்கற திருநீறையும் மோந்து பாத்துட்டுத்தானே பூசுவே?” என்று கேலி செய்வாய். மொபைலில் ஒருமுறை மைத்துனனிடம் போர்வெல் போடுவதைப் பற்றிப் பேசினேன். மறுநாளே அதில் திருச்செங்கோட்டு ரிக் வண்டி விளம்பரம் வந்து நின்றது. அன்றோடு முக்கியமான பேச்சையெல்லாம் வீட்டு ஃபோனோடு நிறுத்திக்கொண்டேன். வெளிநாட்டிலிருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதில்தான் கூப்பிடுவாள். நாலு தறி ஓடும் வீட்டில் அந்த மணிச் சத்தம்தான் காதில் விழும். உனக்கும் வீட்டு ஃபோன்தான். காதில் மெஷின் வைத்த பிறகு மொபைலை வைத்தால் கீச்சென்று கத்துகிறது என்று வீசிவிட்டாய். எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் ஊராரின் புகாரை எழுதிக்கொண்ட ஆள் நீ. ஓய்வு பெற்றபின் உன் சொந்த ஃபோனுக்காக ஒருமுறைகூடப் புகார் கொடுத்ததில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

நான் அதற்கு நேர்மாறு. புகார் வந்தால் இத்தனை நாளுக்குள் சரி செய்ய வேண்டும், செய்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று அரசாங்கத்தின் தொலைத்தொடர்பு ஆணையம் விதி போட்டிருக்கிறது என்று நீதான் என்னிடம் சொன்னாய். அது போதாதா எனக்கு? ஃபோனில் கொஞ்சம் இரைந்தாலே புகார். ஆணையத்துக்கும் ஒரு நகல். என் லைன் மட்டும் இரண்டாம் நாளே சரியாகிவிடும். என் பேனாவுக்குப் பயப்படுகிறார்கள் என்று தறிக்காரர்களிடம் பீற்றிக்கொள்வேன்.

சேலத்தில் நடந்த நுகர்வோர் கூட்டத்துக்கு உன்னையும் இழுத்துக்கொண்டு போனேனே, நினைவிருக்கும். வந்த புகார் எல்லாமே நேரத்துக்குத் தீர்த்தாயிற்று என்று அதிகாரி திரையில் படம் போட்டுக் காட்டினார். நான் எழுந்து, “எங்க தெருவுல பாதி ஊட்டு ஃபோனு பேசறதில்லீங்க. இதெல்லாம் பொய்க் கணக்கு” என்றேன். வேறு யாராவது இதைச் சொல்ல முடியுமா என்று அவர் கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். உள்ளே நடப்பதெல்லாம் தெரிந்த நீ தட்டிலிருந்த போண்டாவைப் பிட்டுக்கொண்டு குனிந்திருந்தாய்.

திரும்பும் பஸ்ஸில் என் வாய் சும்மா இருக்கவில்லை. “அவங்க போட்ட சோறு இன்னும் வவுத்துல இருக்குதாட்டிருக்குது. நீ அவங்க ஆளு” என்றேன். சங்ககிரியில் பஸ் நின்றதும் என் பக்கம் திரும்பினாய். பிறகு மெதுவாக, “அந்தக் கணக்கு பொய்யில்லப்பா. நீ குடுத்த கம்ப்ளெயின்ட்டெல்லாம் நேரத்துக்குச் சரியாச்சில்ல? எப்புடி ஆச்சுன்னு ஒருநாளாச்சும் கேட்டயா?” என்றாய். நான் கேட்கவில்லை. கட்சி மாறிவிட்டாய் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குமாரபாளையத்தில் இறங்கி ஆளுக்கொரு பக்கம் நடந்தோம்.

அதற்கப்புறம் மழை பிடித்துக்கொண்டது. என் ஃபோன் செத்தது. வழக்கம்போல் எழுதினேன், வழக்கம்போல் இரண்டாம் நாள் உயிர் வந்தது. கோபம் ஆறியிருந்ததால் முதல் ஃபோனை உனக்குத்தான் போட்டேன். மணி அடித்தது, நீ எடுக்கவில்லை. சாயங்காலம் போட்டேன். மறுநாளும் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டை விட்டு எங்கும் போகாத மனுஷன். ஃபோனில் தெரியும் என் நம்பரைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறாய் என்று முடிவு கட்டினேன். அவ்வளவு ரோஷம் உனக்கென்றால் எனக்கு இல்லையா? விட்டுவிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்துப் பாலத்தடியில் டீ குடிக்கும்போது எதிர்ச் சுவரில் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரில் உன் முகத்தைப் பார்த்தேன். டீ கிளாஸை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

நெஞ்சு வலி வந்ததும் பக்கத்து வீட்டுக் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஃபோன் இருந்திருந்தால் பிழைத்திருப்பாய் என்று நான் சொல்ல வரவில்லை. காரியம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது, “அத்தன தடவ கூப்புட்டேன், எடுக்கவே இல்லியே” என்று உன் மனைவியிடம் ஆற்றாமையால் சொல்லிவிட்டேன். அந்தத் தங்கச்சி என்னை நிமிர்ந்து பார்த்தது.

“எங்கூட்டு ஃபோனு அடிக்கவே இல்லீங்கண்ணா. மழைக்குக் கேபிள் பூரா தண்ணி எறங்கிருச்சு, நல்ல ஒயரு கொஞ்சந்தான் மிச்சம்னு லைன்மேன் வந்து சொன்னானுங்க. கம்ப்ளெயின்ட் குடுத்த ஊட்டுக்கு, குடுக்காத ஊட்டு ஒயர மாத்தி உட்டுத்தான் கெடுவுக்குள்ள சரி பண்றாங்களாமா. ‘நீங்க குடுக்க மாட்டீங்கன்னு உங்குளுத எடுத்து உங்க சிநேகிதருக்குப் போட்டுட்டனுங்க சார்’னு சொன்னான். இவரு ‘சரி, உடப்பா’ன்னுட்டாரு.”

“நீங்களும் ஒரு கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கலாமேம்மா?”

“நானும் சண்டையே போட்டனுங்கண்ணா. ‘குடுத்தா அதே ஒயரப் புடுங்கிட்டு வந்து எனக்குப் போடுவாங்க புள்ள. ஞாயித்துக்கெழம அவன் மக கூப்புடற நேரத்துல ஃபோனு இருக்கோணும்’னுட்டாரு. நீங்க கூப்புடுவீங்கன்னும் அவருக்குத் தெரியுங்க. ‘செத்த லைனுன்னாலும் கூப்புடறவனுக்கு மணியடிக்கற சத்தம் கேக்கும். அவன் சந்தேகப் பிராணி. நான் எடுக்கலீன்னா என்னமோ ஏதோன்னு நேருல வந்து நிப்பான் பாரு’ம்பாரு. தெனமும் சாயங்காலம் வாசல்ல சேரப் போட்டு உக்காந்துக்குவாருங்கண்ணா.”

அங்கேயே வாய்விட்டு அழுதேன். வெட்கமாக இல்லை.

பால்காரனை, கரண்ட் பில்லை, அதிகாரியை, அவர் போட்ட படத்தை, கடைசியில் உன்னையும் சந்தேகப்பட்டேன். அந்த மணிச் சத்தத்தை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை. ஆணையத்தின் கணக்கில் உன் வீடும் நல்ல வீடு, என் வீடும் நல்ல வீடு. என் புகார் நேரத்துக்குத் தீர்ந்தது. நீ புகாரே கொடுக்கவில்லை. அவர்கள் காட்டிய கணக்கில் ஒரு பிழையும் இல்லை. இதற்கு முன்னால் எத்தனை வீட்டு ஒயரைப் பிடுங்கி எனக்குப் போட்டார்களோ, அதை நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஒயரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று லைன்மேனைப் பிடித்துக் கேட்டேன். “அந்தூட்டம்மா ஃபோனே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாங்களேங்க” என்றான். அதன் பிறகும் சில ஞாயிறுகள் மகளோடு அதில் பேசினேன். என்ன பேசுகிறேன் என்றே மனதில் நிற்கவில்லை. இனி மொபைலிலேயே கூப்பிடு சாமி என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

இப்போதெல்லாம் யாராவது ஃபோனை எடுக்காவிட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். போன வாரம் நூல்கடைக்காரர் எடுக்கவில்லை. மத்தியான வெயிலில் போய் அவர் வாசலில் நின்றேன். குளித்துக்கொண்டிருந்தவர் ஈரத் துண்டோடு ஓடிவந்து, “ஏனுங்க, என்ன அவசரம்?” என்றார். “ஒண்ணுமில்லீங்க, பாத்துட்டுப் போலாம்னு” என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

திரும்பும்போது உன் தெரு வழியாக வந்தேன். உன் வாசலிலிருந்து என் வீடு வரை, இந்த முழங்கால் வலியோடு நடந்தும், பத்து நிமிடம்கூட ஆகவில்லை.