கீல் சத்தம்

ஜூன் 4
பிசியோ அக்கா மேசையில் முட்டிக் கட்டு மூன்றைப் பரப்பினார். தொடையிலிருந்து கணுக்கால் வரை காலைக் கட்டையாக நிறுத்தும் நீளப் பட்டை: அலுவலகப் படியில் வழுக்கிய நாளிலிருந்து அதில்தான் இருக்கிறேன், இனி வேண்டாம். இழுத்து மாட்டும் ரப்பர் உறை: சத்தமில்லை, உடைக்குள் மறைந்துவிடும், ஆனால் பக்கவாட்டில் பிடிமானம் கிடையாது. இரண்டு பக்கமும் உலோகப் பட்டையும் கீலும் வைத்த பிரேஸ்: கனம், வேர்க்கும், மடக்கும்போதெல்லாம் டிக். கிழிந்த தசைநாருக்கு அதுதான் சரி.

"செருப்புக் கடையில நிக்கற மாதிரி யோசிக்கறீங்களே. எது வேணும்?"

உறை என்றேன். காரணம் சொல்லவில்லை. அண்ணன் கட்டியிருந்தது கீல் வைத்தது.

ஜூன் 7
குளியலறை வாசலில் முட்டி விலகியது. கதவைப் பிடித்ததால் தப்பித்தேன். கீல்தான் போல. வேறு வழி?

ஜூன் 8
மாட்டிக்கொண்டு கூடத்தில் நடந்தேன். டிக். டிக். சமையலறையிலிருந்து அம்மா:

"எழுந்துட்டியாடா?"

டா.

எனக்கு எப்போதும் "டி"தான். கொஞ்சினாலும் டி, திட்டினாலும் டி. வாசலில் போய் நின்றேன். அம்மா என்னைப் பார்த்தாள், கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள், திரும்பிக்கொண்டாள்.

போன வருஷம் அண்ணன் பைக்கிலிருந்து விழுந்து, இதே சத்தத்தோடு இதே கூடத்தில் நடை பழகினான். தேறிவிட்டான் என்றிருந்தோம். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறிவிட்டதாம்.

ஜூன் 19
கீலுக்குத் தையல் மிஷின் எண்ணெய் விட்டேன். சத்தம் அடங்கியது. அம்மா மதியம் சாப்பிடவில்லை. "வீடே ஓஞ்சு கெடக்கு" என்றாள், சுவரிடம்.

எண்ணெயைத் துடைத்துவிட்டேன்.

ஜூலை 13
அம்மா பாட்டு முணுமுணுக்கிறாள். முட்டைப் பொரியல் செய்கிறாள், அவனுக்குப் பிடித்தபடி மிளகு தூக்கலாக. எனக்குத் தொண்டை எரிகிறது. "சாப்பிடுடா, ஆறிடும்" — முதுகைக் காட்டியபடியேதான் பேச்சு. நான் "ம்" மட்டும். என் குரல் கெடுத்துவிடும்.

படித்த கதைகளிலெல்லாம் பேய்தான் வீட்டைப் பிடித்துக்கொள்ளும். இங்கே வீடு பேயைப் பிடித்து வைத்திருக்கிறது. பேய் நான்.

ஆகஸ்ட் 20
அக்கா என் தொடையை டேப்பால் அளந்தார். இளைத்திருக்கிறது.

"இதைக் கழட்டச் சொல்லி எத்தனை நாளாச்சு? இப்படியே போனா பிரேஸ்தான் நடக்கும், நீங்க இல்ல."

"வீட்ல ஒருத்தருக்கு இது வேணும்க்கா."

"அவங்களுக்கும் அடிபட்டிருக்கா?"

"ஆமா."

"அப்ப அவங்களுக்கு வேற ஏதாவது பாருங்க. உங்க காலைத் தூக்கிக் குடுத்துடாதீங்க."

ஆகஸ்ட் 21
கழற்றினேன். கட்டினேன். கழற்றினேன். கட்டிக்கொண்டுதான் கூடத்துக்குப் போனேன். என்ன பயம் எனக்கு? அவன் போய்விடுவான் என்றா? போய்த்தான் விட்டானே—

ஆகஸ்ட் 29
பிரேஸ் இல்லாமல், சுவரைப் பிடித்துக் கூடத்தைக் கடந்தேன். அம்மா திரும்பினாள். பாத்திர மூடி விழுந்து உருண்டது.

"ஐயோ! பூனை மாதிரி வந்து நிக்கறே!"

பிறகு என் முட்டியைப் பார்த்தாள். வெகுநேரம். அடுப்பை அணைத்தாள்.

"அது எங்க?"

"கழட்டிட்டேம்மா."

மூடியை எடுக்கக் குனிந்தவள் எழவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் மெல்ல இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மடக்கும்போது முகம் சுளித்திருப்பேன்.

"வலிக்குதா?"

அடிபட்ட நாளிலிருந்து அம்மா இதை இன்றுதான் கேட்கிறாள். வலிக்குது என்றேன். இருப்பதைவிடக் கொஞ்சம் கூடவே சொன்னேன்.